பாண்டுரங்கனைக் கொன்ற கிருமி

மாரியப்பன் மாலையோடுதான் வந்தார். விழுப்புரத்தில் வாங்கிய ரோஜா மாலை. வாழை இலையில் சுற்றி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். வாசலில் பந்தல் கால் நடுவதற்கு ஆட்கள் கடப்பாரையால் குழி போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் பாண்டுரங்கன் கிடந்தார். காலை பத்தரை மணி இருக்கும். 2019ஆம் வருடம், நவம்பர் மாதம்.

பாண்டுரங்கனின் ஒரே மகள் சங்கவி. அப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. திண்டிவனத்தில் ஒரு தனியார் கல்லூரியில் கணினி நடத்திக்கொண்டிருந்தாள். அதே கல்லூரியில் நான் தமிழ் நடத்தினேன். ஆசிரியர் அறையில் எங்கள் மேசைகள் எதிரெதிரே. அவள் என்னிடம் சொன்னதையும், பிறகு நானே கண்ணால் பார்த்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

விழுப்புரத்தை அடுத்த காணையிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டரில் அவர்கள் ஊர். பாண்டுரங்கனுக்குச் சொந்தமாக இரண்டு ஏக்கர். ஒரு பக்கம் கரும்பு, ஒரு பக்கம் நெல். பக்கத்து நிலம் மாரியப்பனுடையது. வரப்புக்கு அடியில் போகும் தண்ணீர்க் குழாயை வைத்து இரண்டு பேருக்கும் நாலு வருடமாகத் தகராறு. ஐப்பசி மழையில் ஒருநாள் அது கைகலப்பாகி, இருவரும் கட்டிப் புரண்டு நாற்று நட்ட சேற்றில் விழுந்தார்கள். பாண்டுரங்கனின் முழங்காலுக்குக் கீழே மண்வெட்டி கிழித்தது. மாரியப்பன் எழுந்து நின்று, நடவு ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: "இந்தப் போகத்த நீ எப்படி அறுக்கிறன்னு பாத்துடறேன்."

ஒன்பதாம் நாள் பாண்டுரங்கனுக்குக் காய்ச்சல் வந்தது. எட்டு வருடமாகச் சர்க்கரை நோயாளி. முதலில் டைபாய்டு என்றார்கள். பிறகு மார்பைப் படம் எடுத்துவிட்டு காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. கண் மஞ்சளாயிற்று, மூச்சு வாங்கியது. தன் வயிற்றைத் தானே குத்திக்கொண்டு, "உள்ள யாரோ கத்தி வெச்சி அறுக்கிறாங்க" என்று அலறினார். கட்டிலோடு சேர்த்து அவரைத் துண்டால் கட்ட வேண்டியிருந்தது. புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கேனில் கல்லீரலிலும் மண்ணீரலிலும் தேன்கூடு மாதிரி சீழ்க் கட்டிகள். இரண்டாம் நாள் செத்துப்போனார். ஐம்பத்திரண்டு வயது.

நல்ல திடத்தில் இருந்த ஆள் காய்ச்சல் கண்ட பதினோரு நாளில் உள்ளே அழுகிச் செத்தால் ஊர் என்ன பேசும்? விஷம் என்றது ஊர். வயலில் வைத்திருந்த தண்ணீர்க் குடத்தில் மருந்து கலந்துவிட்டான் என்றது. பாண்டுரங்கனின் தம்பி முருகையன் அதை உறுதியாகவே சொன்னார். சங்கவியும் நம்பினாள்.

மாரியப்பன் மாலையோடு வாசல்படியில் கால் வைத்தபோது சங்கவிதான் முதலில் பார்த்தாள். எழுந்து வந்தாள்.

"நீதான்யா எங்கப்பாவ கொன்ன! கொன்னுட்டு மாலை வேற எடுத்துக்கினு வர்றியா?"

மாரியப்பன் பதில் சொல்ல வாய் திறந்தார். அதற்குள் முருகையன் குழி தோண்டுகிறவன் கையிலிருந்து கடப்பாரையைப் பிடுங்கினார். முதல் அடி தோளில். மாலை கீழே விழுந்தது. மாரியப்பன் வலது கையைத் தூக்கித் தலையை மறைத்தார். இரண்டாவது அடி அந்தக் கையில் விழுந்தது. மூன்றாவதும் அதே இடத்தில். காய்ந்த கரும்பை முறிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது என்று சங்கவி சொன்னாள். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. அவர் விழுந்த பிறகும் விடவில்லை. நாலைந்து பேர் சேர்ந்து மிதித்தார்கள். அவர் மனைவி இளவரசி ஓடிவந்து அவர்மேல் குப்புற விழுந்தாள். அவளுக்கும் முதுகில் உதை விழுந்தது. இன்னொரு கூட்டம் ஓடிப்போய் அவர்கள் வைக்கோல் போருக்குத் தீ வைத்தது. பக்கத்தில் கட்டியிருந்த கன்றுக்குட்டி கயிறு அறுபடாமல் அங்கேயே வெந்தது.

சங்கவி அதே இடத்தில் நின்றாள். நிறுத்துங்கள் என்று சொல்ல நினைத்தாளா என்று ஒருமுறை கேட்டேன். "இல்ல சார். அடிக்கட்டும்னுதான் நெனச்சேன்" என்றாள்.

மாரியப்பனின் வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். முருகையன் கைதானார். கொலை முயற்சி வழக்கு.

மூன்றாம் நாள் புதுச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அப்பாவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். வழக்குக்கு ஆகும் என்று நினைத்து அவளே போனாள். விஷத்தின் பெயரை அதில் எழுதியிருப்பார்கள் என்று நினைத்தாள்.

அந்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவள் ஸாலிஹா. கோட்டக்குப்பத்துக்காரி. அப்பா துபாயில் கடை வைத்திருந்தவர். இவள் நுண்ணுயிரியல் படித்து, அப்போதுதான் டாக்டர் பட்டம் முடித்திருந்தாள். சங்கவியைவிட நாலைந்து வயது மூத்தவள். ஒரு வட்டத் தட்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். மூடி ஒட்டப்பட்ட தட்டு. உள்ளே சிவப்புப் பரப்பின்மேல் சுருக்கம் விழுந்த சிறிய புள்ளிகள்.

"உங்க அப்பா ரத்தத்துலேர்ந்து வளர்த்தது. இதுக்குப் பேரு பர்க்கோல்டேரியா. மண்ணுல இருக்கிற கிருமி. தண்ணி நின்ன வயலுல, சேத்துல இருக்கும். சுகர் இருக்கிறவங்களுக்கு வந்தா ரொம்ப பேஜாரு. காசநோய் மாதிரியே காட்டும். அதுக்கான மருந்து இத ஒன்னும் பண்ணாது."

"அப்ப விஷம் இல்லியா?"

"விஷமா? யாரு சொன்னா?"

சங்கவி அப்பாவின் காலில் மண்வெட்டி கிழித்ததைச் சொன்னாள். அந்தக் காயம் வழியாகப் போயிருக்குமா என்று கேட்டாள்.

"இருக்கலாம். கால் வெடிப்பு வழியா போயிருக்கலாம். மழை காத்துல மூச்சு வழியாவும் போவும். அத யாராலயும் சொல்ல முடியாதுங்க."

சங்கவி வராந்தாவுக்கு வந்து, சுவரில் தன் நெற்றியை மோதினாள். ஒருமுறை அல்ல. ஸாலிஹா ஓடிவந்து பின்னாலிருந்து பிடித்து இழுக்கும்போது புருவத்தில் தோல் பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியிருந்தது. மூன்று தையல். கல்லூரிக்கு அந்தத் தையலோடு வந்தாள். எதனால் என்று நான் கேட்டதற்கு, "விழுந்துட்டேன் சார்" என்றாள்.

அந்தப் பரிசோதனைத் தாளைப் போலீசிடம் கொடுத்தாள். ஊரில் யாரும் அதை நம்பவில்லை. "கிருமியும் கிடையாது கிழங்கும் கிடையாது. பணம் குடுத்து எழுதி வாங்கிட்டான்" என்றார் ஜாமீனில் வந்த முருகையன்.

2021இல் ஸாலிஹா திண்டிவனத்துக்கு வந்தாள். அங்கே ஒரு சிறிய ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு வேலை. இந்தக் கிருமிக்குத் தடுப்பூசி கிடையாது, உலகத்தில் எங்குமே இல்லை. அதற்கு வழி தேடுவதுதான் அவள் எடுத்துக்கொண்ட வேலை. நிரல் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கல்லூரிக்குக் கடிதம் வந்தது. அதைப் படித்த அன்றே சங்கவி கல்லூரி வேலையை விட்டுவிட்டாள்.

என்ன வேலை அது என்று எனக்கு அவள் ஒருநாள் டீக்கடையில் விளக்கினாள். அந்தக் கிருமிக்குள் எழுபத்திரண்டு லட்சம் எழுத்து இருக்கிறது. மொத்தமே நான்கு எழுத்துதான், அவையே மாறி மாறி வரும். அந்த எழுத்துகளுக்குள் ஏறக்குறைய ஆறாயிரம் மரபணுக்கள். ஒவ்வொன்றும் ஒரு புரதம் செய்வதற்கான குறிப்பு. அதில் ஏதாவது ஒரு புரதத்தை முன்னாலேயே உடம்புக்குக் காட்டி வைத்தால், நிஜக் கிருமி வரும்போது உடம்பு அடையாளம் கண்டு அடிக்கும். எந்தப் புரதம் என்பதுதான் கேள்வி. ஆறாயிரத்தையும் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க ஒரு ஆயுள் போதாது. ஆகவே கணினியில் சலிக்க வேண்டும்.

"நாலு கேள்வி சார். நோயாளிங்க கிட்ட எடுத்த எல்லா கிருமியிலயும் அது இருக்கா? கிருமியோட வெளித்தோலுல இருக்கா? மனுச ஒடம்புல இருக்கிற புரதம் எதுக்கும் சாடை இல்லாம இருக்கா? இருந்துச்சுன்னா, ஊசி போட்டவன் ஒடம்பு தன்னையே அடிச்சிக்கும். கடைசியா, நம்ம ஒடம்பு அத கண்டுக்குமா?"

விழுப்புரம், கடலூர், புதுச்சேரி, இன்னும் தள்ளி வேலூர் வரை நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகள் மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. ஒவ்வொன்றின் எழுபத்திரண்டு லட்சம் எழுத்தும் கணினியில் வந்து சேர்ந்தது. பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அதில் நூற்று மூன்றாம் எண் பாண்டுரங்கன். குடும்பத்தார் என்ற முறையில் சங்கவியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது.

வழக்கு 2023 மார்ச்சில் சாட்சிக்கு வந்தது. விழுப்புரம் கோர்ட்டில் அவளுக்கு முன் கூண்டில் ஏறிய ஐந்து பேரும், தாங்கள் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். சங்கவியின் முறைக்கு முதல்நாள் முருகையன் வீட்டுக்கு வந்தார். கூடவே அவர் மகன் கோபி. அம்மா முனியம்மாள் அடுப்படியில் இருந்தாள்.

"உங்கப்பனுக்காகத்தான் பாப்பா நான் அடிச்சேன். அண்ணங்காரன் செத்து கெடக்கிறான். கை சும்மா இருக்குமா? நீ ஒன்னும் பொய் சொல்ல வேணாம். உள்ள இருந்தேன், பாக்கலன்னு மட்டும் சொல்லு."

"நான் வாசல்ல இருந்தேன் சித்தப்பா."

கோபி கையிலிருந்த டம்ளரைச் சுவரில் எறிந்தான். "நீ கத்துனதாலதான அவரு அடிச்சாரு? நீதான ஏத்தி வுட்ட?"

"ஆமா. அதயும்தான் சொல்லப் போறேன்."

முருகையன் எழுந்து வெளியே போனார். முனியம்மாள் வெளியே வந்து, மகளின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். பிறகு மறு கன்னத்தில். "புருசன எடுத்துக்கினு போச்சு சாமி. இருக்கிற ஒறமொறயயும் நீ கொளுத்திட்டு நிக்கிற" என்றாள். அதன்பிறகு ஏழு மாதம் மகளோடு பேசவில்லை.

கூண்டில் சங்கவி எல்லாவற்றையும் சொன்னாள். முதல் அடி எங்கே, இரண்டாவது எங்கே என்று சொன்னாள். மாரியப்பன் கையில் மாலை மட்டும்தான் இருந்தது என்றாள். அவர்மேல் பழி போட்டது தான்தான் என்றாள். முருகையனின் வக்கீல் விடவில்லை.

"அப்ப தூண்டிவிட்ட குற்றவாளி நீங்கதானேம்மா?"

"நான் சொன்னது பொய். அது அன்னிக்கி எனக்குத் தெரியாது. தெரிஞ்சிக்காம சொன்னது என் தப்புதான். அதுக்கு என்ன உண்டோ குடுங்க."

ஒரு மூலையில் வலது கைச் சட்டையை மடித்து ஊக்கு குத்தி மாரியப்பன் உட்கார்ந்திருந்தார். அவள் இறங்கிப் போகும்போது அவர் தலையை நிமிர்த்தவில்லை. ஜூனில் தீர்ப்பு. முருகையனுக்கு ஏழு ஆண்டு. சங்கவிமேல் யாரும் வழக்குப் போடவில்லை.

கோபி ஒரு மாதம் பொறுத்தான். ஜூலையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஆராய்ச்சி நிலையத்துக்கு எதிரே இருதயமேரி என்ற அம்மாள் டீக்கடை வைத்திருக்கிறாள். நானும் அன்று அங்கே இருந்தேன். சங்கவி தோளில் லேப்டாப் பையோடு வெளியே வந்தாள். பைக்கில் வந்த கோபி இறங்கினான். பின் மண்டையில் கை வைத்து அவளைத் தார் ரோட்டில் தள்ளினான். பையைப் பிடுங்கித் தூக்கி அடித்தான், அதன்மேல் ஏறி மிதித்தான். பிறகு ரோட்டோரத்தில் கிடந்த ஜல்லிக் கல்லை எடுத்தான்.

"எந்தக் கையில டைப்பு பண்ற? எந்தக் கையிலடி?"

அவளுடைய வலது மணிக்கட்டை முழங்காலால் அழுத்திக்கொண்டு விரல்கள்மேல் அடித்தான். இரண்டு அடி. நான் ஓடினேன். நான் போய்ச் சேருமுன் மூன்றாவது அடியும் விழுந்துவிட்டது. பத்துப் பேர் நின்று பார்த்தார்கள். இரண்டு பேர் போனில் படம் பிடித்தார்கள். நான் கோபியின் சட்டைக் காலரைப் பிடித்தேன். அவன் முழங்கையால் என் வாயில் குத்தினான். முன்பல் ஒன்று ஆடிப்போயிற்று.

அப்போது இருதயமேரி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பால் போசியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். "எந்திரிடா" என்று ஒருதரம்தான் சொன்னாள். அவன் எழவில்லை. முதுகில் கொட்டினாள். அவன் போட்ட கூச்சலில் காக்கைகள் எழும்பின. சட்டையைக் கிழித்து எறிந்தபோது தோலும் அதோடு வந்தது. போலீஸ் வரும்வரை அவன் ரோட்டில் புரண்டுகொண்டிருந்தான். இருதயமேரி காலியான போசியைக் கீழே வைத்துவிட்டு, சங்கவியின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மூன்று விரல்கள் மூன்று திசையில் இருந்தன.

ஆஸ்பத்திரியில் ஸாலிஹா வந்து அழுதாள். சங்கவி மயக்கம் தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி, வேலை எல்லாம் போய்விட்டதா என்பதுதான்.

"லேப்டாப்தான போச்சு. எல்லாம் சர்வர்ல பத்திரமா இருக்கு. மூடிக்கினு படு."

மூன்று மாதம் இடது கையால் தட்டினாள். ஒரு வரி அடிக்க முன்பு ஆகும் நேரத்தைப் போல நாலு மடங்கு ஆயிற்று. அந்த மூன்று மாதத்தில்தான் சலித்து முடித்தாள். முதல் கேள்வியில் ஆறாயிரம், நாலாயிரத்து இருநூறாகச் சுருங்கியது. வெளித்தோலில் இருப்பவை என்றதும் முந்நூற்று எண்பது. மனித உடம்பின் சாடை இல்லாதவை எழுபத்தொன்று. கடைசிக் கேள்வியைத் தாண்டியவை ஒன்பது.

அந்த ஒன்பதிலும் ஒன்று எல்லாவற்றையும்விட மேலே நின்றது. எப்படிக் கணக்குப் போட்டாலும் அதற்கே முதல் இடம். ஸாலிஹா அதற்குச் செல்லமாக "ராஜா" என்று பெயர் வைத்தாள். அதை வைத்துக் கட்டுரை எழுதத் தொடங்கியும் விட்டாள். சங்கவி மட்டும், இருநூற்றுப் பதினான்கு கிருமியிலும் அந்த மரபணு முழுசாக இருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாக மறுபடி பார்த்தாள். நிரல் தொண்ணூறு சதம் பொருந்தினாலே போதும் என்று விட்டுவிடும். இவள் அப்படி விடவில்லை. இருநூற்றுப் பதின்மூன்றில் சரியாக இருந்தது. ஒன்றில் நடுவே ஓர் எழுத்து விடுபட்டு, அதற்குப் பின்னால் வந்த அத்தனையும் குலைந்திருந்தது. அந்தக் கிருமியின் தோலில் ராஜா வெளியே வரவே வராது. எண்ணைப் பார்த்தாள். நூற்று மூன்று.

"எழுத்து எடுக்கும்போது வந்த பிழையா இருக்கும்" என்றாள் ஸாலிஹா.

திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். பிழையில்லை.

"இருநூத்திப் பதினாலுல ஒன்னுதான் சங்கவி. எந்தத் தடுப்பூசியும் நூத்துக்கு நூறு கேக்காது. அந்த ஒன்ன எடுத்துட்டு எழுதினா யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க."

"அந்த ஒன்னு எங்கப்பா."

"அதனாலதான் உன்னால நேரா பாக்க முடியல. நான் சொல்றது புரியுதா?"

சங்கவி எழுந்தாள். கட்டுப் போட்ட கையால் மேசையில் அடித்தாள். வலியில் முகம் வெளுத்துவிட்டது. "ஒன்னுல இல்லன்னா அது இல்லாமயே அந்தக் கிருமியால வாழ முடியுதுன்னு அர்த்தம். வாழறது மட்டுமில்ல, பதினோரு நாள்ல ஆள கொல்ல முடியுது. நாம ஊசி போட்டம்னா மத்ததும் அத தூக்கி எறிஞ்சிட்டு வரும். இது யாரோட அப்பனா இருந்தாலும் இதான் கணக்கு."

ஸாலிஹா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு வெளியே போனாள். இரண்டு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் ஸாலிஹா கட்டுரையில் ராஜாவைப் பற்றிய பக்கங்களை அழித்துவிட்டு வந்தாள். மீதி எட்டு.

எட்டையும் வட மாநிலத்தில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இந்தக் கிருமியை உயிரோடு வைத்துச் சோதிக்க அது வெளியேறாதபடி மூன்று கதவு தாண்டிய கூடம் வேண்டும். திண்டிவனத்தில் அது கிடையாது. 2024 செப்டம்பரில் முடிவோடு ஒரு காணொளியும் வந்தது. தடுப்பூசி போடாமல் கிருமி மட்டும் ஏற்றிய பத்து எலிகள். முதல் நாள் சுருண்டு படுத்தன. இரண்டாம் நாள் ஒன்றை ஒன்று கடித்தன. கண்ணோரம் சீழ் வழிந்தது. பின்கால்கள் இழுத்துக்கொண்டன. நாலாம் நாளுக்குள் பத்தும் செத்தன. அறுத்துப் பார்த்த மண்ணீரலில் அதே தேன்கூடு. சங்கவி அதைக் கடைசிவரை பார்த்தாள். ஆறு புரதங்கள் எந்தப் பலனும் தரவில்லை, அந்த எலிகளும் அப்படியே செத்தன. இரண்டு புரதங்களைச் சேர்த்துப் போட்ட கூண்டில் மட்டும் பத்தில் ஆறு எழுந்து தீனி தின்றன.

"ஆறு" என்றாள் ஸாலிஹா. சிரித்தாள். சங்கவி காணொளியைப் பின்னால் ஓட்டி நிறுத்தி, "நாலு ஏன் செத்துச்சுன்னு பாக்கணும்" என்றாள்.

டிசம்பரில் புயல் மழை. விழுப்புரம் மாவட்டமே தண்ணீரில் நின்றது. வீடுகளுக்குள் இடுப்பளவு சேறு. வெள்ளம் வடிந்த இரண்டாவது வாரம் முனியம்மாள் போன் செய்தாள். இப்போதெல்லாம் பேசுகிறாள். போகிற போக்கில், மாரியப்பனுக்குப் பத்து நாளாகக் காய்ச்சல், காது அடியில் கட்டி வைத்திருக்கிறது, டைபாய்டுக்கு ஊசி போடுகிறார்கள் என்றாள்.

"அவருக்கு சுகர் இருக்குதாம்மா?"

"கை போனதுலேர்ந்து இருக்குது."

அன்று பகலே சங்கவி ஊருக்குப் போனாள். ஐந்து வருடம் மாரியப்பன் வீட்டு வாசல் பக்கம் அவள் திரும்பியதில்லை. இளவரசி கதவருகே நின்றாள். இவளைப் பார்த்ததும் கையிலிருந்த சொம்பை வீசினாள். அது சங்கவியின் கழுத்தெலும்பில் பட்டது.

"அத்த, இது டைபாய்டு இல்ல. எங்கப்பாவுக்கு வந்ததுதான் இது. இன்னும் ரெண்டு நாள் போச்சுன்னா ஒன்னும் பண்ண முடியாது."

இளவரசியின் அண்ணன் உள்ளிருந்து வந்து சங்கவியின் முடியைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தான். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். சரியாகக் கூடாத அந்த மூன்று விரல்களால் பிடித்துக்கொண்டாள். அவன் அறைந்தான். அவள் விடவில்லை.

உள்ளே கட்டிலிலிருந்து மாரியப்பனின் குரல் வந்தது. "வுடுடா அவள."

அவள் உள்ளே போனாள். கன்னம் வீங்கி ஒரு கண் மூடிக்கொண்டிருந்தது அவருக்கு. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

"உன் வாயாலதான் என் கை போச்சு. இப்ப அதே வாய நான் நம்பணுமா?"

"என்ன நம்ப வேணாம் மாமா. ரத்தம் எடுத்து வளர்க்கச் சொல்லுங்க. மூணு நாள்ல அதுவே சொல்லும். ஆனா மருந்த இன்னிக்கே மாத்தணும்."

அவர் மனைவியிடம், "வண்டி பாரு" என்றார்.

புதுச்சேரிக்குப் போகிற வழியில் வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். வாயெல்லாம் ரத்தம். சங்கவி முன்கூட்டியே ஸாலிஹா மூலம் அவளுடைய பழைய ஆஸ்பத்திரியில் சொல்லி வைத்திருந்ததால் வார்டில் தயாராக இருந்தார்கள், சரியான மருந்து அன்றே நரம்பில் ஏறியது. கட்டியைக் கீறியபோது அரைக் கிண்ணம் சீழ் வந்தது. ஒரு வாரம் கையையும் காலையும் கட்டித்தான் போட்டிருந்தார்கள். அவர் கூச்சல் கீழ் மாடிவரை கேட்டது. பதினாறாம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார்.

அவர் கிருமியை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதம் கேட்டு ஒரு படிவம் கொடுத்தார்கள். படிக்கக் கண்ணாடி இல்லை என்று அவர் சங்கவியைக் கூப்பிட்டனுப்பினார். அவள் நாலு பக்கத்தையும் நின்றபடி படித்துக் காட்டினாள்.

"அந்தத் தடுப்பூசி எப்ப வரும்?"

"தெரியல மாமா. பத்து வருசம் ஆவலாம். வராமயும் போவலாம். எலியில கூட பத்துல ஆறுதான்."

"எங்களுக்கு ஆவாது அப்ப."

"ஆவாது."

இடது கையால், பிள்ளை எழுத்தில், மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவை அவளிடம் நீட்டினார்.

"நல்லா கேட்டுக்க. உசுர காப்பாத்தன, சரி. இல்லன்னு சொல்லல. ஆனா நீ எதிர்ல வந்தா எனக்கு இங்க வலிக்கிது." கையில்லாத சட்டையைத் தொட்டுக் காட்டினார். "வூட்டுப் பக்கம் வராத."

"சரி மாமா" என்று சொல்லிவிட்டு சங்கவி படிவத்தை வாங்கிக்கொண்டாள்.

அவர் இப்போது உயிரோடு இருக்கிறார். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு முடித்தார். முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் வயலில் இறங்குகிறார். ஊரில் அவரைப் பார்த்துச் சிலர் சிரிக்கிறார்கள், சிலர் அதே பூட்ஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். மழை பிடித்த மாதங்களில் இளவரசி சங்கவிக்குப் போன் செய்து, ஊரில் யார் யாருக்குக் காய்ச்சல், எத்தனை நாள், யாருக்குச் சர்க்கரை என்று சொல்கிறாள். நலம் விசாரிப்பதில்லை. சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். சங்கவி எழுதிக்கொண்டு அந்தந்த ஆஸ்பத்திரிக்குப் பேசுகிறாள். போன மழையில் அப்படி மூன்று பேர் பிழைத்தார்கள், ஒருவர் இறந்தார்.